வியாழக்கிழமை என்று சொன்னவள்

அந்தத் தெருவில் அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் சொல்வார்கள். அவள் கண்ணாடி போட்டவள் அல்ல. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, வட்டமாக வந்து சேரும் கண்ணாடி வில்லைகளை வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. மயிரிழை கூடினால் ஃபிரேம் விரிசல் விடும், மயிரிழை குறைந்தால் வில்லை கழன்று விழும். தேய்க்கிற சக்கரத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும் என்பதால் அவள் விரல் நுனிகள் எந்நேரமும் ஊறிச் சுருங்கிப் போயிருக்கும். "எனக்கு முப்பத்திரண்டு, என் விரலுக்கு எழுபது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

வேலையில் குறை ஒன்றும் இல்லை. வீடுதான் குறை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புருஷனின் அண்ணன் வீட்டில், ஒரே அறையின் நடுவே பீரோவைத் தடுப்பாக நிறுத்திக் குடும்பம் நடத்தினார்கள். பீரோவுக்கு இந்தப் பக்கம் இவள் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து ஓரகத்தி "ஜலதோஷமா?" என்பாள். புருஷன் பெண்டாட்டி சண்டை போடுவதென்றால்கூடத் தெருமுனை வரை நடந்துபோய்ப் போட்டுவிட்டு வரவேண்டும். மகளுக்கு ஆறு வயது ஆனபோது, இனி ஒரு நாள்கூட முடியாது என்று அவள் சொல்லிவிட்டாள். புருஷன் மருந்துப் பெட்டிகளைக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுகிற வேன் ஓட்டுபவன். போகிற தெருவெல்லாம் வீடு காலி என்று பலகை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினான். இரண்டு முறை முன்னால் போன வண்டியில் இடித்தான். வீடு மட்டும் கிடைக்கவில்லை. ஓர் இடத்தில் வாடகை எட்டவில்லை, இன்னோர் இடத்தில் குழந்தை இருந்தால் சுவரில் கிறுக்கும் என்றார்கள், மற்றோர் இடத்தில் வேனை எங்கே நிறுத்துவாய் என்று கேட்டு அதிலேயே முடித்துவிட்டார்கள்.

அப்படி இருக்கையில்தான் ஒரு சனிக்கிழமை சாயந்திரம், கடையை விட்டு வரும்போது, ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஒரு மாடி வீட்டு கேட்டில் பலகை தொங்குவதைப் பார்த்தாள். மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தவளுக்கு அறுபதை நெருங்குகிற வயது. டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். குரலில் இன்னும் அந்த வேலை இருந்தது. "ஒரு நிமிஷம், லைன்ல இருங்க" என்று சொல்கிற மாதிரியே "ஒரு நிமிஷம், சாவி எடுத்துட்டு வரேன்" என்றாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை குட்டி கிடையாது. கீழே அவள், மேலே வாடகைக்கு.

மாடியில் இரண்டு அறை. இரண்டு பக்கமும் ஜன்னல். சமையலறைக்குத் தனிக் குழாய். கண்ணாடிக்காரி குழாயைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மகளின் பள்ளிக்கூடம் நடந்துபோகிற தூரம். வாடகையும் கையைக் கடிக்காது. இதை விட்டால் பீரோதான் கதி என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுக்காரக்கா ஜன்னலோரம் நின்றுகொண்டு சாதாரணமாகச் சொன்னாள்: "காலையில ஒரு பொண்ணு வந்தா. இந்த ஆஸ்பத்திரியிலதான் நர்ஸாம். பேச்செல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா முகத்துல, கழுத்துல, கையில எல்லாம் வெள்ளை வெள்ளையாத் திட்டு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. வீடு முடிஞ்சுபோச்சும்மான்னு சொல்லி அனுப்பிட்டேன்."

சொல்லிவிட்டு இவள் முகத்தைப் பார்த்தாள். தான் செய்தது சரிதானா என்று கேட்கிற பார்வை அது. அந்த நேரத்தில் இவள் வாயை மூடிக்கொண்டிருந்தால்கூடப் போதும். ஆனால் கண்ணாடிக்காரி சொன்னாள்: "நல்ல வேலை செஞ்சீங்கக்கா. எங்க வீட்டுலயும் குழந்தை இருக்கு."

தெரியாமல் சொன்னாள் என்றால் அது ஒரு ஆறுதல். அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு அதே வெண்திட்டு இருந்தது. ஐந்தாறு வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டிருக்கிறார்கள், ஒருவர் ஸ்வெட்டரை ஒருவர் போட்டிருக்கிறார்கள். அது ஒட்டுகிற நோய் இல்லை என்பது அவளுக்குத் தன் பெயர் தெரிகிற மாதிரி தெரியும். தெரிந்துதான் சொன்னாள். வீடு வேண்டியிருந்தது.

மறுவாரமே குடி வந்தார்கள். அந்த வீடு அவர்களுக்குப் பொருந்திப் போயிற்று. வீட்டுக்காரக்காவுக்கும் குழந்தைக்கும் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டதும் அவளே போய்க் குழந்தையைக் கூட்டிவந்து, முகம் கழுவிவிட்டு, வீட்டுப்பாடம் எழுத வைத்து, இவள் வேலையிலிருந்து வருகிறவரை பார்த்துக்கொள்வாள். குழந்தை அவளைப் பெரியம்மா என்று கூப்பிட்டது. இருவரும் பழைய டெலிபோனை வைத்துக்கொண்டு எக்சேஞ்ச் விளையாட்டு விளையாடுவார்கள். "நீங்கள் தொடர்புகொண்ட அம்மா இன்னும் கடையில் இருக்கிறார்" என்று குழந்தை மூக்கால் பேசுவது மாடிப்படி வரை கேட்கும். "சொந்த அக்கா இருந்தாக்கூட இப்படிப் பார்த்துக்க மாட்டா" என்று கண்ணாடிக்காரி கடையில் எல்லாரிடமும் சொன்னாள். அதுவும் பொய் இல்லை.

சில மாதம் கழித்து, அவளுக்கு விடுமுறையான ஒரு நாளில், நகரசபையிலிருந்து ஓர் அம்மா வந்தார். கையில் குடை, தோளில் பெரிய பை. வீடு தருவதிலும் வேலை தருவதிலும் ஆளுக்கு ஆள் பாகுபாடு காட்டினால் புகார் செய்வதற்கு நகரசபையில் ஒரு பிரிவு உண்டு. அதன் விசாரணை அதிகாரி அவர். முதலில் கீழே வீட்டுக்காரக்காவிடம் அரைமணி பேசினார். பிறகு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க, ஒரு இருமல் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்க. உங்க மேல புகார் இல்லை. ஒரே ஒரு விஷயம்தான் தெரிஞ்சுக்கணும். ஒரு நர்ஸ் புகார் குடுத்திருக்காங்க. இந்த வீட்டை ஒரு சனிக்கிழமை காலையில கேட்டு வந்திருக்காங்க. முடிஞ்சுபோச்சுன்னு சொல்லியிருக்காங்க. தன்னோட தோலைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னாங்கன்னு அவங்க நெனைக்கிறாங்க. கீழ இருக்கிற அம்மா, அதுக்கு முன்னாடியே வேற ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டேன்னு சொல்றாங்க. அந்த வேற ஒருத்தர் நீங்கதானே? எப்ப வந்து பார்த்தீங்க?"

கீழே குழந்தை சிரிப்பது கேட்டது. கண்ணாடிக்காரிக்கு ஒரு நொடியில் எல்லாம் ஓடியது. சனிக்கிழமை சாயந்திரம் என்றால் வீட்டுக்காரக்கா மாட்டிக்கொள்வாள். அவள் மாட்டினால் இந்த வீடு என்ன ஆகும், குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

"வியாழக்கிழமை" என்றாள். "வியாழக்கிழமையே வந்து பேசி முடிச்சுட்டோம்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"வியாழக்கிழமை எனக்கு ஷிஃப்ட் சீக்கிரம் முடியும். அதான் ஞாபகம் இருக்கு."

கேட்காத விவரத்தையும் சேர்த்துச் சொல்ல அவளுக்கு எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போனபிறகு வீட்டுக்காரக்கா மேலே வந்தாள். "என்ன கேட்டாங்க?"

"எப்ப வந்தேன்னு கேட்டாங்க. வியாழக்கிழமைன்னு சொல்லிட்டேன்."

அப்படிச் சொல் என்று வீட்டுக்காரக்கா சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்திருந்தால் கண்ணாடிக்காரிக்குப் பழியில் பாதியையாவது அங்கே இறக்கி வைக்க முடிந்திருக்கும். "புகார் குடுக்கறதே அவளுக்கு வேலையாப் போச்சு போல" என்றாள் வீட்டுக்காரக்கா. "ஆஸ்பத்திரியிலயும் ஒரு புகார் குடுத்திருக்காளாம். குழந்தைங்க வார்டுல இருந்தவளைப் பெத்தவங்க முணுமுணுத்தாங்கன்னு ஸ்டோர் ரூமுக்கு மாத்தினாங்களாம். அதுல ஜெயிச்சு மறுபடி வார்டுக்கே வந்துட்டாளாம்." சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அன்று சாயந்திரம் தட்டு நிறையப் பழம் நறுக்கி மேலே அனுப்பினாள். வழக்கத்தைவிட நிறையவே இருந்தது. கண்ணாடிக்காரி ஒரு துண்டுகூட எடுக்கவில்லை.

புருஷனிடம் சொன்னபோது அவன், "யாருக்கு என்ன நஷ்டம்? அந்தப் பொண்ணு இந்நேரம் வேற வீடு பார்த்திருக்கும்" என்றான். பார்த்திருக்கும் என்று அவளும் நம்பப் பார்த்தாள். கடையில் வேலை ஓடவில்லை. ஒரு வில்லையைத் தேவைக்கு மேல் தேய்த்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் கையால் கெட்டுப்போன வில்லைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அந்த ஒரு வாரத்தில் மட்டும் மூன்றை வீணடித்தாள். முதலாளி, "உனக்கே கண்ணாடி வேணும் போலிருக்கே" என்று கேலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மாடிப்படியின் கைப்பிடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கேட் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. நெற்றியின் பாதியும் ஒரு கன்னமும் வெளுத்திருந்தன. கேட்டைப் பிடித்திருந்த விரல்கள் முழுக்க வெள்ளை. கண்ணாடிக்காரிக்கு யாரென்று புரிந்துவிட்டது. சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்தாள். அப்படியே நடந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பின்னாளில் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

வீட்டுக்காரக்கா கதவைத் திறந்தாள். அவள் முகம் செத்துப் போயிற்று.

"அம்மா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க" என்றாள் நர்ஸ். "விசாரணையில சொன்னாங்க, எனக்கு முன்னாடி வியாழக்கிழமையே ஒருத்தங்க வந்து வீட்டைப் பேசிட்டாங்கன்னு. நீங்க உண்மையைத்தான் சொல்லியிருக்கீங்க. நான்தான் தப்பா நெனச்சுட்டேன். நெறைய இடத்துல பட்டுட்டேன்மா, அதனால யாரு இல்லைன்னு சொன்னாலும் இதுக்காகத்தான்னு தோணிடுது. உங்க மேல புகார் குடுத்தது தப்பு. நாளைக்கு வாபஸ் வாங்கிடறேன். அதை நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

வீட்டுக்காரக்கா கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு தரம் நிமிர்ந்து மாடிப்படியைப் பார்த்தாள். கண்ணாடிக்காரி கையில் குழந்தையின் ஈரச் சட்டையைப் பிடித்தபடி நின்றாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் அவள் காலில் விழுந்தது.

"பரவாயில்லம்மா" என்றாள் வீட்டுக்காரக்கா. குரல் அவளுடையதாக இல்லை. "வெயில்ல வந்திருக்கே. தண்ணி குடிக்கிறியா?"

உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். குழந்தையின் பிறந்தநாளுக்கு வாங்கி மிச்சமிருந்த காகிதக் கப்பில் கொண்டு வந்தாள். அலமாரியில் டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருப்பது கண்ணாடிக்காரிக்குத் தெரியும். தினம் அவள் மகள் பால் குடிப்பது அந்த டம்ளரில்தான்.

நர்ஸ் கப்பை ஒரு கணம் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். குடித்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தாள். எங்கே போடுவது என்று தெரியவில்லை. கப்பைத் தட்டையாக மடித்துத் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு, "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் கப்பை மடித்ததைப் பார்த்த பிறகு கண்ணாடிக்காரி கையிலிருந்த சட்டையைக் கைப்பிடியில் போட்டாள். படியிலேயே உட்கார்ந்தாள். ஒரு பெண், தன்னிடம் பொய் சொன்னவளிடம் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறாள். கேட்க வைத்தது யார்?

கொஞ்ச நேரம் கழித்துக் கீழே போனாள். வீட்டுக்காரக்கா இருட்டான கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நான் நாளைக்கு அந்த ஆபீசுக்குப் போறேன். சனிக்கிழமை சாயந்திரம்தான் வந்தேன்னு சொல்லப்போறேன்."

"உன்னை நான் எதுவும் சொல்லச் சொல்லலையே" என்றாள் வீட்டுக்காரக்கா. "நீயாச் சொன்னே. இப்ப நீயா மாத்தறே. நடுவுல நான் யாரு?"

"தப்புதான்க்கா."

"உன் பொண்ணை என் பொண்ணு மாதிரி பார்த்துக்கிட்டேன்."

"அதனாலதான் முதல்ல சொல்ல முடியலை."

வீட்டுக்காரக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாளா என்று தெரியவில்லை. "போ" என்றாள். போகச் சொன்னது மாடிக்கா, ஆபீசுக்கா என்று கண்ணாடிக்காரி கேட்கவில்லை.

திங்கட்கிழமை கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனாள். நர்ஸ் வாபஸ் வாங்க வருவதற்கு முன்னால் போய்ச் சேரவேண்டும் என்று ஓட்டமும் நடையுமாகப் போனாள். அதிகாரி அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். கோபப்படவில்லை. மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "பொய்யாக் கையெழுத்துப் போட்டா உங்க மேலயே நடவடிக்கை எடுக்கலாம், தெரியுமா?" என்றார். தெரியாது என்றாள். "நீங்களா வந்து திருத்தினதா எழுதிக்கிறேன். ஆனா எல்லார் முன்னாடியும் வந்து சொல்லணும்."

விசாரணை நகரசபைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நடந்தது. நீள மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுற்றும்போது கடகடவென்று அடித்துக்கொள்ளும் மின்விசிறி. ஒரு பக்கம் நர்ஸ், எதிர்ப்பக்கம் வீட்டுக்காரக்கா. கண்ணாடிக்காரியை நடுவில் உட்கார வைத்தார்கள். இரண்டு பேர் பார்வையும் படுகிற இடம்.

"எப்ப வீட்டைப் பார்த்தீங்க?"

"சனிக்கிழமை சாயந்திரம்."

"அப்ப வீடு காலியா இருந்துச்சா?"

"இருந்துச்சு. பலகை தொங்குச்சு."

"ஏன் முதல்ல வியாழக்கிழமைன்னு சொன்னீங்க?"

"வீடு போயிடுமோன்னு பயந்துட்டேன்."

"காலையில நர்ஸ் வந்ததைப் பத்தி இந்த அம்மா உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க. திட்டு இருந்துச்சு, அதனால முடிஞ்சுபோச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன்னு சொன்னாங்க."

நர்ஸ் மேஜையின் மேல் இருந்த தன் கைகளை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

இந்தக் கேள்வியைக் கண்ணாடிக்காரி எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லத்தானே வந்தாள்? எல்லாவற்றையும் சொன்னவளுக்கு இதை மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை.

"ஒண்ணும் சொல்லலை" என்றாள்.

வீட்டுக்காரக்கா தலையை நிமிர்த்தினாள். நேராக இவளைப் பார்த்தாள். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும், தன் பழியில் பாதியை இவள் தலையில் இறக்கிவிடலாம். கண்ணாடிக்காரி காத்திருந்தாள். விசிறி கடகடத்தது. வீட்டுக்காரக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று அதிகாரி அவளைக் கேட்டார்.

"இல்லைங்க. அவ சொன்னது சரிதான். நான்தான் அனுப்பிச்சேன்."

தீர்ப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டுக்காரக்கா எழுத்தில் மன்னிப்புக் கேட்கவேண்டும், நர்ஸுக்கு நஷ்டஈடு கொடுக்கவேண்டும், மாடி எப்போது காலியானாலும் முதலில் அவளைத்தான் கேட்கவேண்டும். சாட்சி சொன்னதற்காகக் கண்ணாடிக்காரியைக் காலி பண்ணச் சொல்லக்கூடாது என்றும் எழுதினார்கள். கண்ணாடிக்காரிக்கு ஓர் எச்சரிக்கை. அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் நர்ஸ் பஸ் நிறுத்தத்தில் இவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ரொம்ப நன்றிக்கா. வந்து சொல்லணும்னு உங்களுக்கு என்ன கட்டாயம்? இருந்தும் சொன்னீங்க."

"நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"ஹாஸ்டல்தான். ரெண்டு பஸ் மாறி வரணும். ஒரு அறையில நாலு பேர். அதுல ஒருத்தி என் பக்கத்துக் கட்டில்ல படுக்க மாட்டேன்னு சுவர்ப் பக்கம் போயிட்டா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "எனக்குக் காத்து நல்லா வருது."

அந்தச் சிரிப்பைக் கண்ணாடிக்காரியால் தாங்க முடியவில்லை. நன்றியைவிட அதுதான் அவளை அறுத்தது. சொல்லிவிட்டாள்.

"உள்ள நான் பொய் சொன்னேன். ஒண்ணும் சொல்லலைன்னு சொன்னேன்ல, அது பொய். உங்களை அனுப்பிட்டேன்னு அந்தக்கா சொன்னப்ப, நல்ல வேலை செஞ்சீங்கன்னு சொன்னேன். வீட்டுல குழந்தை இருக்குன்னு சொன்னேன். ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

நர்ஸ் சிரிப்பை நிறுத்தினாள். தெருவின் கோடியைப் பார்த்தாள். பஸ் வரவில்லை. பிறகு கேட்டாள்: "இதை ஏன் எங்கிட்டச் சொல்றீங்க?"

"மனசு கேக்கலை."

"உங்க மனசு கேக்கலைன்னா அதை எடுத்து என் கையில குடுத்துடுவீங்களா? நான் அதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?" கோபமாகக்கூட இல்லை. வார்டில் அடம்பிடிக்கிற குழந்தையிடம் பேசுகிற குரல் அது. "அந்த அம்மாவை மன்னிச்சாச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். உங்களுக்கும் சேர்த்துப் போட என்னால இன்னைக்கு முடியாதுக்கா. சத்தியமா முடியாது."

பஸ் வந்தது. அவள் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிக்காரி போகவேண்டியதும் அதே பஸ்தான். அவள் ஏறவில்லை. நடந்தே கடைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருப்பது முள்மேல் இருப்பதாயிற்று. வீட்டுக்காரக்கா காலி பண்ணச் சொல்லவில்லை. குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவதையும் நிறுத்தவில்லை. முகம் கழுவி விட்டாள், வீட்டுப்பாடம் எழுத வைத்தாள். ஆனால் இவளிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். இவள் வேலையிலிருந்து வந்தால் குழந்தையின் பையைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். திட்டியிருந்தால் கண்ணாடிக்காரியும் நாலு வார்த்தை பேசியிருப்பாள். ஒருநாள் வாடகை கொடுக்கப் போனபோது துணிந்து கேட்டாள்.

"அன்னைக்கு நான் சொன்னதை நீங்க ஏன்க்கா சொல்லலை?"

வீட்டுக்காரக்கா பணத்தை வாங்கி மேஜைமேல் வைத்தாள். "சொன்னா எனக்கு என்ன கெடைக்கும்? நீயும் நானும் ஒண்ணுதான்னு அந்த நர்ஸுக்குத் தெரிஞ்சிருக்கும். அவ்வளவுதானே. அது எனக்கே தெரிஞ்சிருந்துச்சு, போதும்னு விட்டுட்டேன்."

அந்த வருஷம் முடிந்ததும் அவர்கள் காலி பண்ணினார்கள். புருஷனுக்குக் கோபம். "நம்மள யாரும் போகச் சொல்லலையே, நீயா எதுக்கு மூட்டை கட்டறே?" என்றான். தாங்கள் காலி பண்ணினால் மாடி நர்ஸுக்குப் போகும் என்று அவள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். அதுவும் பலிக்கவில்லை. வீட்டுக்காரக்கா உத்தரவுப்படி நர்ஸுக்குச் சொல்லியனுப்பினாள். வேண்டாம் என்று பதில் வந்துவிட்டது. கூட வேலை செய்கிற ஒருத்தியின் அத்தை வீட்டில் பின்பக்க அறை கிடைத்து அங்கே போய்விட்டாளாம். மாடிக்கு வேறு யாரோ வந்தார்கள்.

கண்ணாடிக்காரி குடும்பம் ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு சின்ன வீட்டுக்குப் போயிற்று. தண்ணீர் ஒரு வேளைதான் வரும். சுவர் மெல்லிசு. ஆனாலும் பீரோ இல்லை. கடையில் கை பழையபடி நிதானத்துக்கு வந்தது. மற்றபடி அவள் கொஞ்சம் பேச்சு குறைந்த ஆளாகிவிட்டாள். யாராவது யாரைப் பற்றியாவது எதையாவது சொல்லிவிட்டு, சரிதானே என்பது போல முகத்தைப் பார்த்தால், எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

குழந்தை மட்டும் பெரியம்மாவைப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிக்கொண்டு போவாள். கேட் வரை போகமாட்டாள். தெருமுனையில் சைக்கிள் ரிப்பேர்க் கடை நிழலில் நின்றுகொண்டு, "நீ போயிட்டு வா" என்று அனுப்புவாள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் அங்கேயே நிற்பாள். கடைக்காரர் முதலில் சந்தேகமாகப் பார்த்தார், பிறகு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தை துள்ளிக்கொண்டு வந்தது.

"அம்மா, பெரியம்மா கேட்டாங்க, உங்கம்மா வந்திருக்காளான்னு."

"நீ என்ன சொன்னே?"

"வரலைன்னு சொன்னேன். அப்பாதான் வேன்ல கொண்டுவந்து விட்டுட்டுப் போனாருன்னு சொன்னேன். அப்பாவுக்கு இன்னைக்குச் சீக்கிரம் டெலிவரி முடிஞ்சிடுச்சுன்னும் சொன்னேன்."

"அப்படிச் சொல்லச் சொல்லி யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. நானாத்தான் சொன்னேன்." குழந்தையின் முகத்தில் ஒரு பெருமை. "நீ இங்க நிக்கிறது தெரிஞ்சா உனக்குக் கஷ்டம்ல?"

கண்ணாடிக்காரி ஸ்டூலிலிருந்து எழுந்தாள். கடைக்காரர், "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்லை" என்று சொல்ல வாயெடுத்தவள், அதைச் சொல்லாமல் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டை நோக்கி நடந்தாள். "எங்கே போறோம்மா?" என்று குழந்தை கேட்டுக்கொண்டே வந்தது.

கேட்டைத் திறந்தாள். மணியை அழுத்தவில்லை, கதவு திறந்துதான் இருந்தது. வீட்டுக்காரக்கா கூடத்தில் உட்கார்ந்து, உலர்ந்த துணிகளைப் பக்கத்து நாற்காலியில் குவித்து வைத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ சொன்னது பொய்க்கா" என்றாள் கண்ணாடிக்காரி வாசலிலேயே நின்றுகொண்டு. "நான்தான் கூட்டிட்டு வந்தேன். வாராவாரம் நான்தான் கூட்டிட்டு வரேன். சைக்கிள் கடையில நின்னுக்கிட்டு இருந்தேன்."

குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. வீட்டுக்காரக்கா அம்மாவை விட்டுக் குழந்தையைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியிலிருந்த துணிகளையெல்லாம் அள்ளித் தன் மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள்.

நாற்காலி காலியாக இருந்தது. கண்ணாடிக்காரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அதில் உட்கார்ந்தாள்.